இணையத்தின் தலைமடையும் கடைமடையும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குத் தலைமடை, கடைமடை என்னும் சொற்களின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும்வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடும் இவ்வாற்றின் குறுக்கே, கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் அமைந்துள்ளன. அணையிலிருந்து கால்வாய் பிரிகிறது. கால்வாயிலிருந்து மடை பிரிகிறது. மடையிலிருந்து நீர் வயலுக்குப் பாய்கிறது. ஆற்றில் வெள்ளம் இருகரையும் தொட்டு ஓடும்போதே, வாய்க்கால் தூர்ந்து கிடந்தமையால் கடைமடை வயல் காய்ந்துபோவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆற்றில் நீர் உண்டா என்பது ஒரு கேள்வி. என் வயலுக்கு நீர் வந்ததா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி.

இன்று நம் சங்கங்களின் அன்றாட அலுவல்களைத் தாங்கி நிற்கும் இணையமும் ஒரு பாசனமே. சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் அது தலைமடை நீராகப் பெருகுகிறது; மலையடிவாரத்துச் சிற்றூரிலும் ஆற்றின் கீழ்ப்பகுதிக் குக்கிராமத்திலும் கடைமடை நீராகச் சொட்டுகிறது. இவ்வேறுபாடு எதனால் நேர்கிறது, அதை எவ்வாறு அளப்பது, அதைக் குறைக்க ஒரு கூட்டுறவுச் சங்கம் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சங்கத்திற்கு இதில் என்ன சம்பந்தம்?

‘நெல்லுக்கும் நூலுக்கும் நடுவே இணையம் எதற்கு?’ என்று சில மூத்த உறுப்பினர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, கடன் சங்கங்களைப் பற்றியது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கி ஒரே மென்பொருளின்கீழ்க் கொண்டுவரும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அதன் மொத்தத் திட்டச் செலவு 2,516 கோடி ரூபாய். பயிர்க்கடன், நகைக்கடன், உரவிற்பனை ஆகிய அனைத்தும் கணினியில் ஏறும் காலம் இது. பேரேடு மேசைமேல் இருந்தவரை மழையோ இருளோ அதைத் தடுக்கவில்லை. இன்று இணைப்பு அறுந்தால் பேரேடே திறப்பதில்லை.

இரண்டாவது, நியாயவிலைக் கடைகளைப் பற்றியது. தமிழகத்தில் இக்கடைகளுள் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்தி வருகின்றன. 2017-இல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. 2020 அக்டோபர் முதல் கைரேகைப் பதிவும் வந்தது. வயலில் உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி அறிந்துகொள்ளத் தவறுவது ஒரு தொல்லை. அறிந்துகொண்ட பின்னரும் விடை திரும்பி வராமல் சுழன்றுகொண்டே இருப்பது மற்றொரு தொல்லை. ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும் அன்னைக்கு இவ்விரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது, நெசவாளரைப் பற்றியது. வீரவநல்லூரில் செடியும் பூவுமாக நெய்யப்படும் செடிபுட்டாச் சேலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது நம் வட்டாரத்திற்கே பெருமை. பத்தமடைக் கோரைப்பாய்க்கும் அக்குறியீடு உண்டு. ஊரின் பெயரே பொருளுக்கு மதிப்பாக அமைந்துவிட்ட இந்நாளில், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து வாங்குவோர் தறியையும் நெசவையும் நேரில் காட்டுமாறு கேட்கின்றனர். நெசவுத் தொழிலில் உள்ள ஓர் அம்மையார் என்னிடம் சொன்னார்: “வாங்குகிறவர் முகம் எனக்குத் தெரிகிறது, என் சேலைதான் அவருக்குத் தெரியவில்லை என்கிறார்.” இச்சொல்லின் உட்பொருளைப் பின்னர் விளக்குவேன்.

நான் செய்த ஒரு பிழை

பாடத்திற்குள் நுழையுமுன், என் பணியில் நேர்ந்த ஒரு பிழையைக் கூறிவிடுவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆற்றின் தென்கரையிலுள்ள ஒரு சிறிய சங்கத்தை ஆய்வு செய்தேன். நாள்முடிவுக் கணக்கு அன்றன்றே ஏற்றப்பட வேண்டும் என்பது விதி. ஒரே மாதத்தில் 11 நாள்களின் கணக்கு மறுநாள்தான் ஏறியிருந்தது. ஆய்வுக் குறிப்பில் ‘செயலாளரின் அசட்டை’ என்று எழுதினேன். அதன்மேல் விளக்கம் கோரி அவருக்குக் கடிதம் சென்றது. ‘இனி இவ்வாறு நேராது’ என்று ஒரே வரியில் அவர் பதில் அளித்திருந்தார்.

பின்னர் ஒரு மழைக்காலத்தில் அதே சங்கத்தில் வேலை நீண்டு மாலையாகிவிட்டது. செயலாளர் அலுவலகத்தைப் பூட்டினார். கணினியைத் துணிப்பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு என்னோடு நகரப்பேருந்தில் ஏறினார். நகரத்தில் தம் தங்கை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அன்றைய கணக்கை ஏற்றினார். இணைப்பு வராத நாள்களிலெல்லாம் அவர் செய்துவந்தது இதுவே. அந்தப் 11 நாள்கள் கடைசிப் பேருந்து தவறிய நாள்கள். பேருந்துக் கட்டணமும் அவர் கைக்காசு.

“அண்ணாச்சி, இதை அன்றே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“ஐயா, இணைப்பு இல்லை என்றால் சாக்கு என்பீர்கள். நீங்கள் எழுதுகிற படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லையே” என்றார்.

அடுத்த ஆய்வுக் குறிப்பில் நான் எழுதிய சொல்லைத் திருத்தி எழுதினேன். ஆயினும் ஓராண்டுக்கு மேலாக ஒரு நேர்மையான ஊழியரின் பெயரோடு அச்சொல் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை என்னால் மறக்க இயலவில்லை. இணைப்பின் குறையை ஊழியரின் குறையாகக் கணக்கெழுதும் பிழையை இன்னொருவர் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுதத் தூண்டிய காரணம்.

எட்டுவது வேறு, தரம் வேறு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் பெருநகரங்களில் தொடங்கியது. அன்று தொடங்கி முதலில் நகரம், பின்னர் கிராமம் என்னும் வரிசையிலேயே அது பரவியது. 2024 ஏப்ரல் மாதக் கணக்கின்படி நாட்டிலுள்ள 6,44,131 கிராமங்களுள் 6,12,952 கிராமங்களில் 3ஜி அல்லது 4ஜி கைபேசிச் சேவை கிடைத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கிராமங்கள் என்று கொள்ளலாம். இதைமட்டும் நோக்கினால் குறையேதும் இல்லை எனத் தோன்றும்.

மற்றொரு கணக்கையும் காண்போம். 2024 மார்ச் முடிவில் நாட்டில் இருந்த 95.44 கோடி இணையச் சந்தாக்களுள் கிராமங்களில் இருந்தவை 39.83 கோடியே, அதாவது நூற்றுக்கு 42. ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். கம்பிவழி வரும் நிலையான இணைப்புகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் பெரிது. அவற்றுள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நகரங்களிலேயே இருந்தது. நகரவாசி கம்பியையும் கைபேசியையும் ஒருங்கே பெற்றிருக்கிறார். கிராமவாசிக்குக் கைபேசிக் கோபுரம் ஒன்றே கதி.

ஊருக்கு வாய்க்கால் வெட்டியாயிற்று என்று வரைபடத்தில் கோடு போடுவதற்கும், அவ்வாய்க்காலில் நடவுக்காலத்தில் எத்தனை அங்குல நீர் வந்தது என்று அளப்பதற்கும் உள்ள வேறுபாடே எட்டுவதற்கும் தரத்திற்கும் உள்ள வேறுபாடு.

தரத்தை அளக்கும் நான்கு அளவுகள்

ஒன்று, வேகம். ஒரு வினாடியில் எத்தனை மெகாபிட் செய்தி செல்கிறது என்பதே வேகத்தின் அளவு. 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் வினாடிக்கு 256 கிலோபிட் வேகமே ‘பிராட்பேண்ட்’ எனப் பெயர்பெறப் போதுமானதாக இருந்தது. 2023 ஜனவரியில் அவ்வரையறை வினாடிக்கு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. படத்தின் அளவை மெகாபைட்டில் சொல்கிறோம். வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட். எனவே 4 மெகாபைட் அளவுள்ள ஒரு சேலைப் படம் 32 மெகாபிட் ஆகும். வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அது 16 வினாடியில் செல்லும். 50 மெகாபிட் வேகத்தில் ஒரு வினாடிகூட ஆகாது.

மேலும், வேகம் இருவகைப்படும்: நமக்கு வருவது, நாம் அனுப்புவது. கைபேசி இணைப்புகளில் வரும் வேகத்தைவிட அனுப்பும் வேகம் பெரும்பாலும் மிகக் குறைவு. அனுப்பும் வேகம் வினாடிக்கு அரை மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். உடல், கரை, முந்தி எனப் பத்துப் படங்கள் அனுப்பவேண்டிய நெசவாளருக்குப் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகும். வாங்குபவரின் முகம் அம்மையாருக்குத் தெரிந்தும், அவருடைய சேலை வாங்குபவருக்குத் தெரியாமற்போனதன் காரணம் இதுவே. படம் பார்க்க மட்டும் பயன்படுத்துவோருக்கு இக்குறை புலப்படாது. விற்க வேண்டியவருக்குத்தான் அது உறைக்கும்.

இரண்டு, தாமதம். ஒரு கேள்வி போய் விடை திரும்ப ஆகும் நேரம் இது. கைரேகைக் கருவி அனுப்பும் செய்தி மிகச் சிறியது. அதற்கு வேகத்தைவிடத் தாமதமே முக்கியம்.

மூன்று, இழப்பு. செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. வழியில் சில பொட்டலங்கள் தொலைந்தால் மீண்டும் அனுப்பவேண்டும். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிபோட்டுப் பின்னர் நெய்வதைப் போன்றது இது. அறுதல் மிகுந்தால் வேகமான தறியும் மெதுவான தறியே.

நான்கு, தடையின்மை. மாதத்தில் எத்தனை மணிநேரம் இணைப்பு அறவே இல்லை என்பது இதன் அளவு. சங்கத்திற்கு இதுவே தலையாயது. நாள்தோறும் தவறாது கிடைக்கும் 5 மெகாபிட், நினைத்தால் வந்து நினைத்தால் போகும் 50 மெகாபிட்டைவிட மேலானது.

தொலைவு குற்றவாளி அன்று

‘நாம் சென்னையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறோம், அதனால்தான் மெதுவாக வருகிறது’ என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. கண்ணாடி இழையினுள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு உள்ள சுமார் 620 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கே தேவை. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம்வரை உள்ள எஞ்சிய தூரத்திற்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

அப்படியாயின் குறை எங்கே உள்ளது? கடைசி சில கிலோமீட்டரில் உள்ளது. அதன் காரணங்களை ஐந்தாக வகுக்கலாம்.

1. செலவும் வீடுகளின் எண்ணிக்கையும். ஒரு கிலோமீட்டர்க் கம்பி இழுக்க 2 லட்சம் ரூபாய் ஆவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அத்தூரத்தில் 200 வீடுகள் உள்ள நகரத் தெருவில் வீட்டுக்கு 1,000 ரூபாய் விழும். 20 வீடுகள் உள்ள கிராமத்தில் வீட்டுக்கு 10,000 ரூபாய் விழும். லாபம் கருதி நடக்கும் நிறுவனம் எத்தெருவை முதலில் நாடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2. கோபுரத்திற்கு வரும் வழி. கைபேசியிலிருந்து கோபுரம்வரைதான் செய்தி காற்றில் செல்கிறது. கோபுரத்திலிருந்து அப்பால் அது கண்ணாடி இழையிலோ, கோபுரத்துக்குக் கோபுரம் தாவும் நுண்ணலையிலோ செல்லவேண்டும். இழை வந்து சேராத கோபுரம், குறுகிய மடையுள்ள பெருங்குளத்தைப் போன்றது. கைபேசியில் அலைக்கோடுகள் நிறையத் தெரிந்தும் பக்கம் திறவாமைக்கு இது ஒரு காரணம்.

3. பங்கீடு. ஒரு கோபுரத்திற்கு வினாடிக்கு 300 மெகாபிட் வருவதாகக் கொள்வோம். நண்பகலில் 15 பேர் பயன்படுத்தினால் தலைக்கு 20 மெகாபிட்; மாலையில் 300 பேர் பயன்படுத்தினால் தலைக்கு 1 மெகாபிட். நம் சங்கங்கள் நாள்முடிவுக் கணக்கை ஏற்றும் வேளையும், ஊரார் வேலை முடிந்து கைபேசியை எடுக்கும் வேளையும் ஒன்றாக அமைந்துவிடுவதை நோக்குக.

4. அலையும் மலையும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் மிகுந்த செய்தியைச் சுமக்கும். ஆனால் குறுகிய தூரமே செல்லும். நெருக்கமாகக் கோபுரங்கள் எழுந்துள்ள நகரத்திற்கு அவை ஏற்றவை. பாபநாசம், காரையாறு, மாஞ்சோலை போன்ற மலைப்பகுதிகளில் பாறையும் காடும் எவ்வலையையும் மறித்து நிற்கின்றன.

5. மின்சாரமும் பராமரிப்பும். மின்சாரம் நின்றால் கோபுரம் மின்கலத்தில் சில மணிநேரமே இயங்கும். சாலைப்பணிக்குத் தோண்டும்போது இழை அறுந்தால் நகரத்தில் மாற்றுவழி இருப்பதால் செய்தி வேறு பக்கமாகச் சுற்றி வரும். கிராமத்திற்கு ஒரே வழி. அது அறுந்தால் ஒட்டுப்போடும்வரை ஊரே இருளில் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணியின் கீழ்ப்பகுதி வெள்ளக்காடானபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருசேர அற்றுப்போனதை நாம் அறிவோம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் சூழ்ந்த நீரின் நடுவே சிக்கியிருந்தனர். இணைப்பு மிகவும் வேண்டப்படும் வேளையே இணைப்பு முதலில் அறும் வேளையாக இருப்பது கடைமடையின் இயல்பு.

பழைய பாடம் ஒன்று

இந்நிலை புதியதன்று. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. நம் ஆற்று நீரால் எழுந்த அம்மின்சாரம் ஆலைகளையும் நகரங்களையும் அடைந்த பின்னரே, அதே ஆற்றங்கரைச் சிற்றூர்கள் பலவற்றின் குடிசைகளை வந்தடைந்தது. நம்மைத் தொட்டுக்கொண்டு செல்லும் பொருளே நமக்குக் கிட்டாதிருக்கும் விந்தையை அன்று மின்கம்பியில் கண்டோம். இன்று கண்ணாடி இழையில் காண்கிறோம்.

ஆனால் மின்சாரம் இறுதியில் வந்தது. தானாக வரவில்லை; லாபக் கணக்கை மட்டும் நோக்காமல் பொதுப்பணத்தைச் செலவிட்டமையால் வந்தது. இணையத்திலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கைப் பெற்றுக் கிராமப்புறச் சேவைக்குச் செலவிடும் நிதியம் 2002-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் அது ‘டிஜிட்டல் பாரத் நிதி’ எனப் பெயர் பெற்றது. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் தேசியத் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, 2015-இல் ‘பாரத்நெட்’ எனப் பெயர் மாறியது. தமிழகத்தில் இப்பணியை மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகம் மேற்கொண்டது. மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் வினாடிக்கு 1 கிகாபிட் திறனுள்ள இழையால் இணைப்பது அதன் குறிக்கோள்.

இத்திட்டத்தின் இயல்பை உறுப்பினர்கள் நன்கு உணரவேண்டும். இழை வந்து சேரும் இடம் ஊராட்சி அலுவலகம். அங்கிருந்து சங்கத்திற்கும் பள்ளிக்கும் தறிக்கூடத்திற்கும் கிளை இழை இழுப்பது அடுத்த வேலை. அணை கட்டியாயிற்று என்று அமர்ந்திருந்தால் வயலுக்கு நீர் வராது. மடைவெட்ட ஆள் வேண்டும்.

பிற நாட்டுக் கூட்டுறவாளர் கண்ட வழி

அமெரிக்காவில் 1930-களின் நடுவில் நகர வீடுகளுள் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இருந்தது. பண்ணை வீடுகளுள் பத்தில் ஒன்றுக்கே இருந்தது. தனியார் நிறுவனங்கள் ‘கட்டாது’ என்று கைவிரித்தன. 1936-ஆம் ஆண்டு ஊரக மின்மயச் சட்டத்தின்கீழ் அரசு குறைந்த வட்டியில் கடன் அளிக்க, உழவர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தாமே கம்பி இழுத்தனர். அச்சங்கங்கள் பலவும் இன்று அதே கம்பங்களில் கண்ணாடி இழையை இழுத்துத் தம் உறுப்பினருக்கு இணையம் வழங்குகின்றன.

இங்கிலாந்தின் வடபகுதியில் லங்காஷயர் மாவட்டத்து ஊரார் 2011-இல் ‘பார்ன்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பங்குத்தொகை திரட்டினர். நிலவுடைமையாளர்கள் தம் வயல் வழியே இழை செல்லக் கட்டணமின்றி இடம் தந்தனர். உழவர்கள் தம் சொந்தக் கருவிகளால் பள்ளம் தோண்டினர். பெருநிறுவனங்கள் நாடாத அவ்வூர்களுக்கு வினாடிக்கு 1 கிகாபிட் இணைப்பு கிடைத்தது. செலவில் பெரும்பகுதி பள்ளம் தோண்டுவதிலும் இடம் பெறுவதிலுமே ஆகிறது என்பதையும், அவ்விரண்டும் ஊராரின் கையில் உள்ளவை என்பதையும் அவர்கள் கண்டுகொண்டதே வெற்றியின் காரணம். குடிமராமத்து என்று நம் முன்னோர் குளத்திற்கும் வாய்க்காலுக்கும் செய்ததை அவர்கள் இழைக்குச் செய்தனர்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஓர் இணையக் குறிப்பேடு வைத்தல். நாள்தோறும் காலை 10 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 6 மணி ஆகிய மூன்று வேளைகளில் வேகத்தை அளந்து எழுதுக. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் ‘மைஸ்பீட்’ செயலியைக் கைபேசியில் இதற்குப் பயன்படுத்தலாம். வரும் வேகம், அனுப்பும் வேகம், இணைப்பு அற்ற நேரம், அதனால் நின்ற அலுவல் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். 40 பக்கக் குறிப்பேட்டின் விலை அற்பம். ஆனால் ஆய்வாளர் வரும்போது அதுவே செயலாளரின் சாட்சி. என் படிவத்தில் இல்லாத கட்டத்தை நீங்களே வரைந்து வையுங்கள்.

இரண்டாவதாக, முறைப்படி முறையிடுதல். ‘டவர் எடுக்கவில்லை’ என்று கடைத்தெருவில் சொல்வது முறையீடு ஆகாது. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு மையமும், அதன்மேல் மேல்முறையீட்டு அமைப்பும் வைத்திருக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு விதி. முறையீட்டு எண்ணைப் பெற்றுக் குறிப்பேட்டில் எழுதுக. எவ்விடத்தில் எச்சேவை கிடைக்கும் என்னும் வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையத்தளத்தில் வெளியிடவேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவ்வரைபடத்தில் நம் ஊர் நிறைந்த சேவையுள்ளதாகக் காட்டப்பட்டு, நம் குறிப்பேடு வேறாகச் சொன்னால், அவ்விரண்டையும் இணைத்து அனுப்புக. எண்ணுக்கு உள்ள வலிமை ஏக்கத்திற்கு இல்லை.

மூன்றாவதாக, ஊராட்சியோடு இணைந்து செயற்படுதல். கிராமசபைக் கூட்டத்தில், ஊராட்சி அலுவலகத்திற்கு வரும் இழையிலிருந்து சங்கத்திற்கும் பள்ளிக்கும் கிளை வேண்டுமெனத் தீர்மானம் கொண்டுவருக. கம்பம் நடவும் பள்ளம் தோண்டவும் உறுப்பினர் தம் நிலத்தில் இடம் தர முன்வந்தால், அதையும் தீர்மானத்தில் எழுதுக.

நான்காவதாக, சங்கமே மடையாதல். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற ‘பி.எம்.வாணி’ திட்டத்தின்கீழ், சிறு கடையோ சங்கமோ உரிமக் கட்டணமின்றிப் பொது இணைய நிலையம் நடத்தலாம். சங்கத்தில் ஒரு நல்ல கம்பி இணைப்பு இருந்தால், அதன் முற்றத்தில் மாணவர் படிக்கலாம். நெசவாளர் படம் அனுப்பலாம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைப்பில்லா வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கல்வித் தொலைக்காட்சி வழியே பாடம் நடத்தவேண்டி வந்ததை நினைவிற் கொள்க.

ஐந்தாவதாக, உள்ளதைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல். நெருக்கடி இல்லாத காலை வேளையில் பெரிய கோப்புகளை அனுப்புக. 4 மெகாபைட் படத்தை அரை மெகாபைட்டாகச் சுருக்கினால், பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிதாக வேறுபாடு தெரியாது. நேரம் எட்டில் ஒரு பங்காகும். கணினிக்கும் இணைப்புக் கருவிக்கும் ஒரு மின்கலம் பொருத்துக. இயன்றால் வேறுவேறு நிறுவனங்களின் இரு இணைப்புகளை வைத்துக்கொள்க. ஆனால் இரண்டும் ஒரே கோபுரத்தில் இருந்து வருகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்க.

இவையனைத்தும் செய்தாலும் நகரமும் கிராமமும் நாளையே சமமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மலைக்குப் பின்னால் உள்ள குடியிருப்புக்கு அரசின் கை இன்றியமையாதது. கடைமடைக்கு முறைவைத்து நீர் விடுவது எப்படி அரசின் கடமையோ, அப்படியே இதுவும். நாம் செய்யவேண்டியது, நம் மடையில் எவ்வளவு வருகிறது என்பதை அளந்து சொல்வதும், வந்ததை வீணாக்காமல் பகிர்வதும்.

1904-இல் திரூரில் ஒரு சிறு கடன் சங்கம் தோன்றியபோது, கந்துவட்டிக்காரரைத் தவிர வேறு கதியில்லை என்றிருந்த உழவர் தாமே ஒரு கதியை உண்டாக்கிக்கொண்டனர். கடன் அன்று எட்டாப் பொருளாக இருந்தது. இணையம் இன்று அவ்வாறு இருக்கிறது. பொருள் மாறினாலும் வழி ஒன்றே. கூட்டுறவே நாட்டுயர்வு.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்கு வினாக்கள்

1. சென்ற மாதத்தில் நம் சங்கத்தில் எத்தனை மணிநேரம் இணைப்பு இல்லை? அதற்கு எழுத்தில் சான்று உண்டா?

2. நம் ஊராட்சி அலுவலகத்திற்குக் கண்ணாடி இழை வந்துள்ளதா? வந்திருப்பின், அங்கிருந்து சங்கம்வரை எத்தனை மீட்டர்? இடையே யாருடைய நிலம் உள்ளது?

3. இணைப்பு இல்லாத நாளில் நியாயவிலைக் கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பிய உறுப்பினர் எத்தனை பேர்? அவர்களுக்கு நாம் என்ன மாற்று ஏற்பாடு செய்தோம்?

4. இணைப்புக்காக நம் ஊழியர் எவரேனும் கைக்காசு செலவழித்து வெளியூர் சென்று வருகிறாரா? அச்செலவைச் சங்கம் ஏற்கத் தீர்மானம் இயற்றலாகாதா?

நான்காம் வினாவை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு அன்போடு வேண்டுகிறேன்.